அத்தியாயம் 7: மீசை விடும் வாரம்

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையத்தம்மன் கோயில் தெருவில் மக்காச்சோளக் கதிர் சுட்டு விற்கும் தள்ளுவண்டிகள் நிற்கும். வேப்பிலை ஆடை உடுத்திக் கோயிலைச் சுற்றி வந்தவர்களும், அவர்களோடு வந்த பிள்ளைகளும் அங்கே கூடுவார்கள். வாங்க வருகிறவர் என்ன செய்கிறார் என்று கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். குவியலில் நீளமான கதிராகப் பார்த்து எடுப்பார். மேலுறையை ஒரு விரல் அகலத்துக்கு விலக்கி, நுனிவரை மணி பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். திருப்தியானால் "இதைச் சுடும்மா" என்று நீட்டுவார்.

அவர் செய்வது சரிதான். அவர் தின்னப்போவது ஒரு கதிர். நம் ஊர்ப்பக்கம் மக்காச்சோளம் போடுகிற பலரும் விதைக்குக் கதிர் எடுக்கும்போதும் இதையேதான் செய்கிறார்கள். அறுத்துக் குவித்த களத்தில் உட்கார்ந்து, பெரிதாக, நேராக, பல் வரிசைபோல மணி பிடித்திருக்கும் கதிர்களாகப் பொறுக்கித் தனியே வைப்பார்கள். அடுத்த போகத்தில் விளைச்சல் கூடவில்லையே என்று கேட்பார்கள். குவியலுக்கு வந்த கதிரில், அது விளைந்த கதை பாதிகூட இருக்காது. எந்தச் செடியில் விளைந்தது, பக்கத்துச் செடி உயிரோடு இருந்ததா, மீசை எந்தத் தேதியில் வந்தது, தட்டை சாய்ந்ததா என்பதையெல்லாம் அறுவடைக்கு முன்பே வயலில் பார்த்துக் குறித்திருக்க வேண்டும். அதற்கான வேலைமுறையைத்தான் இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகிறேன்.

அழகுப் போட்டியும் ஒரு பையனும்

நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கதிருக்கு அழகுப் போட்டி நடத்துவார்கள். பத்துக் கதிர்களை மேசையில் அடுக்கி வைப்பார்கள். நடுவர்கள் நீளம், உருட்டு, வரிசையின் நேர்த்தி, நுனி நிரம்பியிருப்பது என்று மதிப்பெண் போடுவார்கள். பரிசு வாங்கிய கதிர் விதையாக நல்ல விலைக்குப் போகும். 1904 வாக்கில் ஹென்றி வாலஸ் என்ற பையன், அப்போது அவனுக்குப் பதினாறு வயதுதான் இருக்கும், ஹோல்டன் என்ற பேராசிரியர் தரம் பிரித்த கதிர்களை வாங்கிக் கதிருக்கு ஒரு வரிசையாக விதைத்தான். அறுத்து எடை போட்டபோது, போட்டி மேசையின் வரிசைக்கும் தராசின் வரிசைக்கும் தொடர்பே தெரியவில்லை.

அந்தப் பையன்தான் பின்னாளில், 1926இல், வீரிய ஒட்டு விதைக் கம்பெனி தொடங்கினார். 1941 முதல் 1945 வரை அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாகவும் இருந்தார். நமக்கு வேண்டியது இடையில் அவர் செய்த வேலை. 1923இல், கதிர்ப் போட்டி நடுவரின் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். நடுவர்கள் தங்களை அறியாமலே கதிரின் நீளத்துக்கு எல்லாவற்றையும்விட அதிக மதிப்புக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் போட்ட மதிப்பெண்ணுக்கும் வயலில் வந்த விளைச்சலுக்கும் இருந்த ஒட்டுறவோ மிகத் தளர்வானது. கோயில் தெருவில் உறையை விலக்கிப் பார்ப்பவரும் நீளத்தைத்தான் முதலில் பார்க்கிறார். மனிதக் கண்ணுக்கு அது பழக்கமாகிவிட்டது போலும்.

ஒரு ஏக்கரை நான்காகப் பிரிப்பது

விளைச்சல் என்பது ஒற்றைக் குணம் இல்லை. நான்கு எண்களைப் பெருக்கினால் வருவது. ஏக்கருக்கு எத்தனை கதிர், கதிரில் எத்தனை வரிசை, வரிசையில் எத்தனை மணி, ஒரு மணி என்ன எடை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வீரிய ஒட்டு ரகங்களுக்குச் சொல்லும் இடைவெளி 60 செ.மீ.க்கு 25 செ.மீ. இந்தக் கணக்கில் ஏக்கருக்கு ஏறத்தாழ 27,000 செடிகள் நிற்கும். முளைக்காதது, புழு தின்றது, கதிரே வைக்காத மலட்டுத் தட்டை எல்லாம் கழித்து நூற்றுக்கு 85 செடி நல்ல கதிர் தருகிறது என்று வையுங்கள். கதிருக்கு 14 வரிசை, வரிசைக்கு 32 மணி, 100 மணியின் எடை 28 கிராம். ஒரு கதிரில் 448 மணி, 125 கிராம். ஏக்கருக்கு 29 குவிண்டாலை ஒட்டி வரும்.

இப்போது ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பாருங்கள். வரிசையில் 32 மணிக்குப் பதில் 26தான் பிடித்தது என்றால், அதாவது நுனியில் இரண்டு விரற்கடை காலியாக இருந்தால், ஐந்தரைக் குவிண்டால் போயிற்று. நூற்றுக்கு 85 என்பது 75 ஆனால் மூன்றரைக் குவிண்டால் போயிற்று. கதிர் வைக்காத தட்டை அறுவடைக் குவியலுக்கு வருவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். களத்தில் உட்கார்ந்து கதிர் பொறுக்குகிறவர் கண்ணில் அந்த நஷ்டம் படவே படாது.

நான்கு எண்களும் ஒரே சமயத்தில் முடிவாவதில்லை. செடி ஏழெட்டு இலை விரிக்கும் பருவத்திலேயே, கதிர் கண்ணுக்குத் தெரியாத முனையாக இருக்கும்போதே, எத்தனை வரிசை என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும். அது பெரும்பாலும் ரகத்தின் குணம். உரமும் தண்ணீரும் அதை அவ்வளவாக மாற்றாது. (எண்ணிப் பாருங்கள், வரிசை எப்போதும் இரட்டைப்படையில்தான் வரும்: 12, 14, 16. பூக்கள் சோடி சோடியாக வைப்பதால் அப்படி. பிள்ளைகளிடம் பந்தயம் கட்டி ஜெயிக்கலாம்.) வரிசையில் எத்தனை மணி என்பது பூக்கும் காலத்தை ஒட்டிய மூன்று நான்கு வாரத்தில் முடிவாகிறது. மணியின் எடை அதற்குப் பிறகு, பால் பிடித்து முற்றும் வரைக்கும் கூடும்.

இந்த எண்கள் ஒன்றையொன்று இழுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. 18 வரிசைக் கதிரில் பெரும்பாலும் மணி சிறுத்துப்போகும். அடர்த்தியாக நட்டால் கதிர் எண்ணிக்கை கூடும், ஒவ்வொரு கதிரும் குட்டையாகும். ஒரு குணத்தை மட்டும் துரத்திக்கொண்டு போனால், செடி வேறொரு பக்கம் கணக்கைச் சமன் செய்துவிடும். வரிசை எண்ணிக்கையை மட்டும் பார்த்து நாலு தலைமுறை தேர்ந்தெடுத்துவிட்டு, மூட்டை கூடவில்லையே என்று வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

மீசைக்கும் பூவுக்கும் இடையே எத்தனை நாள்

மக்காச்சோளச் செடியில் ஆண் பூ உச்சியில், பெண் பூ இடுப்பில். உச்சியில் விரியும் ஆண் பூங்கதிர் காலை வேளையில் மஞ்சள் தூளாக மகரந்தத்தைக் கொட்டும். இடுப்பில் இருக்கும் கதிரின் உறைக்கு வெளியே மீசை, புத்தகத்தில் பட்டு இழை என்று எழுதுவார்கள், எட்டிப் பார்க்கும். ஒரு இழைக்கு ஒரு மணி. இழையில் மகரந்தம் விழவில்லை என்றால் அந்த மணி இல்லை. கதிரின் அடிப்பக்கத்து இழைகள் முதலில் வெளியே வரும், நுனிப் பக்கத்து இழைகள் கடைசியில். நுனி சொட்டையாக இருக்கும் கதிரைப் பார்த்து உரம் போதவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதி நேரம் காரணம் வேறு. நுனி இழை வெளியே வந்தபோது மகரந்தம் தீர்ந்துபோயிருக்கும்.

தண்ணீர் குறைந்தாலோ செடி நெருக்கமாக நின்றாலோ உச்சிப் பூ தன் தேதிக்கு வந்துவிடும். மீசைதான் பிந்தும். செடிக்கு இருக்கிற சத்தை முதலில் வாங்கிக்கொள்வது உச்சி, மிச்சம்தான் கதிருக்கு. ஆகவே பூ கொட்டத் தொடங்கிய நாளுக்கும் மீசை தெரிந்த நாளுக்கும் உள்ள இடைவெளி, அந்தச் செடி தன் கதிருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதன் அடையாளம். இடைவெளி 0 முதல் 2 நாள் என்றால் நல்லது. 5 நாளுக்கு மேல் போனால் கதிரில் பாதி பொக்கையாகும், அல்லது கதிரே வராது.

மெக்சிகோவில் உள்ள சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில், சிம்மிட் என்று சுருக்கிச் சொல்வார்கள், 1970களில் தொடங்கி ஒரே கூட்டத்துச் செடிகளை எட்டுச் சுற்று வறட்சியில் வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். டுக்ஸ்பெனோ செக்கியா என்று அதற்குப் பெயர். கடைசியில் விளைச்சல் கூடியது. செடியின் மொத்த எடை பெரிதாக மாறவில்லை. பூவுக்கும் மீசைக்கும் இடைவெளி சுருங்கியிருந்தது, அதனால் கதிர் பிடிக்கும் செடிகளும் மணிகளும் கூடியிருந்தன. மழை தப்பும் ஊருக்கு இதைவிட உபயோகமான பாடத்தை நான் படித்ததில்லை. அளப்பதற்குக் கருவி வேண்டாம், குறிப்பேட்டில் இரண்டு தேதி எழுதினால் போதும்.

நம் பகுதியில் எப்போது விதைப்பது என்பதும் மீசை விடும் இந்த வாரத்தை வைத்தே முடிவாகட்டும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல்லுக்கு மூன்று போகம் பழகிய மண் இது. சம்பா அறுத்த வயலிலும் ஆரணி ஆற்றங்கரையின் மணல் கலந்த மேட்டு நிலத்திலும் தைப் பட்டத்தில் மக்காச்சோளம் போடலாம். தை முதல் வாரத்தில் விதைத்தால் பங்குனிப் பிறப்பை ஒட்டிப் பூ வரும், வெயில் பொறுக்கும்படி இருக்கும். மாசிக் கடைசி வரை தள்ளிப்போட்டால் சித்திரை வெயிலில் பூக்கும். வெப்பம் 38 டிகிரியைத் தாண்டிக் காற்றும் காய்ந்திருந்தால் மகரந்தம் சீக்கிரம் உயிர் விடும், மீசையும் கருகும். ஆடிப் பட்டத்தில் போட்டால் வேறு தொல்லை. முற்றும் கதிர் ஐப்பசி மழையில் மாட்டும். அந்தப் பட்டத்துக்குச் செடி தேர்ந்தெடுப்பவர் கதிர் உறை நுனிவரை இறுக மூடியிருக்கிறதா, முற்றியதும் கதிர் தலைகீழாகத் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் கதிருக்குள் மழைத் தண்ணீர் இறங்கிப் பூசணம் பிடிக்கும், மணி முளைவிடும். இறுகிய உறை கிளிக்கும் கதிர்ப் புழுவுக்கும் கொஞ்சம் தடை.

உயரம், சாய்வு, ஆள்

செடி உயரத்துக்கும் விளைச்சலுக்கும் நல்ல ஒட்டுறவு உண்டு என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அடிக்கடி வரும். அதைப் படித்துவிட்டு உயரமான செடியாகத் தேடிப் போகாதீர்கள். ஒரே வயலில் ஊட்டமாக இருக்கும் செடி உயரமாகவும் இருக்கும், கதிரும் பெரிதாக இருக்கும். இரண்டுக்கும் காரணம் மண். சிம்மிட்டிலேயே இன்னொரு கூட்டத்தில் பதினைந்து சுற்று குட்டைச் செடியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 280 செ.மீ. இருந்த செடி 180 செ.மீ. அளவுக்கு இறங்கியது. விளைச்சல் குறையவில்லை, கூடியது. குட்டையான செடியை நெருக்கி நடலாம், சாயாது, கதிருக்குப் போகும் பங்கும் அதிகம்.

அமெரிக்காவில் டொனால்ட் டுவிக் என்ற விஞ்ஞானி 1930களிலிருந்து வந்த ஒட்டு ரகங்களையெல்லாம் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்துப் பார்த்தார். விசாலமாக நட்டால் பழைய ரகத்துச் செடியும் புதிய ரகத்துச் செடியும் ஒரு செடிக்குத் தரும் விளைச்சலில் பெரிய வித்தியாசம் இல்லை. நெருக்கி நட்டபோதுதான் புதியது முந்தியது. புதியவற்றில் இலை நிமிர்ந்து நின்றது, உச்சிப் பூ சிறுத்தது, மலட்டுத் தட்டை குறைந்தது. அங்கே எழுபது ஆண்டில் மாறியது பெரும்பாலும் கூட்டத்தில் தாக்குப்பிடிக்கும் குணம்தான். தனியாக நின்று பெருமை காட்டும் செடியை விதைக்கு எடுத்தால் இந்தக் குணத்தை இழக்கிறோம்.

நம் ஊருக்கு என்று இன்னொரு காரணமும் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகிற ஊரில், சாய்ந்த தட்டையைக் குனிந்து ஒவ்வொன்றாக ஒடிக்க யார் வருவார்கள்? இயந்திரம் வைத்து அறுப்பதானால் கதிர் எல்லாச் செடியிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், செடியின் நடுப்பகுதியில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். கதிர் மேலே போகப்போகச் செடி காற்றுக்குச் சாயும். ஆகவே குறிப்பேட்டில் உயரத்துக்கு ஒரு பத்தி வையுங்கள், பக்கத்தில் கதிர் இருக்கும் உயரத்துக்கும் ஒரு பத்தி. இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். அரையைத் தாண்டினால் அந்தச் செடி விதைக்கு வேண்டாம்.

கட்டம் கட்டித் தேர்ந்தெடுத்தல்

இது கம்போசிட் என்று சொல்லும், காற்றிலே மகரந்தம் சேரும் கூட்டு ரகங்களுக்கான முறை. வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த மணியை விதைக்காதீர்கள். இரண்டு உள்வழிகளை, அதாவது தன் மகரந்தமே சேர்த்துத் தூயதாக்கிய வழிகளை, இணைத்து உண்டாக்கிய ஒட்டானால், அடுத்த தலைமுறையிலேயே கலப்பு வீரியத்தில் பாதி போய்விடும்.

முதன்முதலில் நான் இந்த வேலையைச் செய்தபோது, பத்து சென்ட் வயலில் சிறந்த ஐம்பது செடியை மிகவும் கவனமாகப் பொறுக்கினேன். பிறகு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் முப்பதுக்கு மேல் போர்வெல் குழாய் கசிந்த மூலையிலும், வாய்க்கால் ஓரத்திலும், பக்கத்துச் செடி செத்த இடத்திலும் இருந்தன. தேர்ந்தெடுத்தது தண்ணீரையும் வெளிச்சத்தையும்தான். பரம்பரைக் குணம் அதில் எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

இதற்கு மருந்து 1961இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கார்ட்னர் என்பவர் வெளியிட்ட முறை. வயலைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளேயே ஒப்பிட்டு எடுப்பது. பத்து சென்டில் 60க்கு 25 இடைவெளியில் 2,700 செடி இருக்கும். 20 கட்டமாகப் பிரித்தால் கட்டத்துக்கு 135. ஒவ்வொரு கட்டத்திலும் சிறந்த 7 கதிர் எடுங்கள். மொத்தம் 140. செழிப்பான மூலையிலும் ஏழுதான், காய்ந்த மேட்டிலும் ஏழுதான். மேட்டிலிருந்து வந்த ஏழு கதிர் பார்வைக்குப் பூஞ்சையாக இருக்கும், தூக்கிப்போட மனம் துடிக்கும். போடாதீர்கள். வரப்போரம் இரண்டு வரிசையைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். பக்கத்தில் வெற்றிடம் உள்ள செடியையும் தொடாதீர்கள். நான்கு பக்கமும் அண்டை வீட்டுக்காரன் இருந்தும் நன்றாக வளர்ந்த செடிதான் நமக்கு வேண்டியது.

மீசை விடும் வாரத்தில் செய்ய வேண்டியது இவ்வளவே. உச்சிப் பூ கொட்டத் தொடங்கிய செடிக்குச் சிவப்பு நூல் கட்டுங்கள். இரண்டு நாள் கழித்து வந்து சிவப்பு நூல் உள்ளவற்றில் மீசை தெரிகிறதைப் பார்த்துப் பச்சை நூலும் கட்டுங்கள். ஒரு வாரத்தில் நாலு முறை காலையில் சுற்றினால் வேலை முடிந்தது. எல்லாச் செடிக்கும் கட்ட வேண்டாம். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் முப்பது செடி போதும். அறுவடையன்று பச்சை நூல் செடிகளில் மட்டும் சாய்வையும் கதிர் உயரத்தையும் பார்த்துக் கழித்துவிட்டு, மிச்சத்தைத் தனித்தனியாக எடை போட்டு ஏழு எடுக்கலாம்.

இந்த முறையில் தாய் மட்டும்தான் நம் தேர்வு. தந்தை வயல் முழுவதும் பறக்கும் காற்று. அதையும் ஓரளவு கட்டுப்படுத்தலாம். நோஞ்சான், நோய்ப்பட்டது, முன்பே சாய்ந்தது இவற்றின் உச்சிப் பூவை மகரந்தம் கொட்டும் முன் பிடுங்கிவிடுங்கள். சுற்றிலும் 200 மீட்டருக்குள் வேறு மக்காச்சோளம் பூக்கக் கூடாது. அது முடியாவிட்டால் பூக்கும் காலம் மூன்று நான்கு வாரம் தள்ளியிருக்குமாறு விதையுங்கள். பக்கத்து வயலில் இனிப்புச் சோளம் இருந்தால் அவருக்கும் சொல்லிவிடுங்கள். நம் மகரந்தம் போய் விழுந்தால் அவருடைய மணி இனிக்காது.

2018 முதல் தமிழ்நாட்டுக்கு வந்து தங்கிவிட்ட அமெரிக்கப் படைப்புழுவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. குருத்துத் தின்ற செடி குட்டையாகும், மீசை பிந்தும். அதைப் பரம்பரைக் குணம் என்று எண்ணி ஏமாற வேண்டாம். குருத்துச் சேதத்தை 30ஆம் நாளில் தனியாகக் குறித்துவையுங்கள்.

ஒட்டுறவு எண்ணை எப்படிப் படிப்பது

வேளாண் படிப்பு படிக்கும் பிள்ளைகளுக்காக இந்தப் பகுதி. மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

நூறு செடியின் கதிர் நீளத்தையும் மணி எடையையும் எழுதிவைத்தால், செல்போன் எக்செலிலேயே ஒட்டுறவுக் கெழு வந்துவிடும். 0.60 வந்தது என்று வையுங்கள். அதை இரண்டால் பெருக்கி மகிழாதீர்கள், தன்னோடு தானே பெருக்குங்கள்: 0.36. விளைச்சலின் ஏற்ற இறக்கத்தில் 36 சதவீதம் மட்டுமே நீளத்தோடு சேர்ந்து போகிறது.

அந்த 0.60 எங்கிருந்து வந்தது? சீவால் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளர் 1921இல் இதைப் பிரித்துக் காட்டும் கணக்கை வகுத்தார். பாதைப் பகுப்பாய்வு என்கிறோம். வாலஸ் 1923இல் கதிர் நடுவர்களை அளந்தது இந்தக் கணக்கை வைத்துத்தான். 1959இல் டூயி, லூ இருவரும் ஒரு புல் பயிரில் இதைப் பயன்படுத்திக் காட்டிய பின், பயிர் இனவிருத்தி ஆய்வேடு எழுதும் எல்லோரும் செய்கிறார்கள். புரிவதற்கு ஒரு கற்பனை எண்: நீளத்தின் 0.60இல் நேரடி விளைவு 0.15, வரிசையில் உள்ள மணி எண்ணிக்கை வழியாக வந்தது 0.45. இதற்குப் பொருள், நீளமான கதிரில் மணி அதிகம் இருப்பதால்தான் எடை கூடுகிறது, நீளம் தன்னளவில் சிறிதே செய்கிறது. நீளமாக இருந்து நுனி சொட்டையானால் பயனில்லை. ஆகவே அளக்க வேண்டியது மணி பிடித்த நீளத்தை. ஸ்கேலை நுனிவரை வைக்காமல், கடைசி மணியோடு நிறுத்துங்கள்.

ஆய்வேடுகளில் நான் பார்க்கும் பெரிய தவறு ஒன்று. ஒரே ஒரு பட்டத்தில், ஒரே ஒரு வயலில் வந்த எண்ணை ரகத்தின் குணம் என்று எழுதிவிடுகிறார்கள். தண்ணீர் தாராளமாக இருந்த வருஷம் மணி எடை முன்னால் நிற்கும், தண்ணீர் குறைந்த வருஷம் கதிர் பிடித்த செடி எண்ணிக்கை முன்னால் நிற்கும். இரண்டு வகை வருஷத்திலும் நிலைத்து நிற்கும் உறவை மட்டும் நம்புங்கள். குணம் எவ்வளவு எளிதாக அடுத்த தலைமுறைக்கு இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். விளைச்சல் நேராக இறங்குவது குறைவு, மண்ணும் வானமும் அதில் கை வைக்கும். வரிசை எண்ணிக்கையும் பூக்கும் நாளும் நன்றாக இறங்கும்.

விளைச்சலை நேராகத் துரத்தாமல் ஒரு குணத்தைத் தேடுவதற்கு நம் மாவட்டத்திலேயே நெல்லில் ஒரு சாட்சி உண்டு. திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.கே.எம். 6ஐ பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் விளைச்சலுக்காகத் தேடி எடுக்கவில்லை. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணத்துக்காகக் கலப்பில் சேர்த்தது. அதன் பிள்ளைதான் நம் வயல்களை வெகுகாலம் ஆண்ட ஐ.ஆர். 20. களத்து நெல் குவியலைப் பார்த்து அந்தக் குணத்தை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஒட்டு ரகம் வாங்குகிறவருக்கு

இந்தியாவில் ஒருங்கிணைந்த மக்காச்சோள ஆராய்ச்சித் திட்டம் 1957இல் தொடங்கியது. 1961இல் கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் என்று முதல் ஒட்டு ரகங்கள் வந்தன. இன்று கோவையில் பல்கலைக்கழகத்தின் சிறுதானியத் துறையும், திண்டுக்கல் மாவட்டத்தில் வாகரை மக்காச்சோள ஆராய்ச்சி நிலையமும் தமிழ்நாட்டுக்கான ரகங்களைப் பார்த்துக்கொள்கின்றன. 2012இல் வந்த கோ 6 என்னும் வீரிய ஒட்டுக்கு யு.எம்.ஐ. 1200, யு.எம்.ஐ. 1230 இரண்டும் பெற்றோர். இந்த உள்வழிச் செடிகளை நேரில் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். நோஞ்சானாக, சிறு கதிரோடு நிற்கும். உள்வழியின் கதிரை வைத்து அதன் ஒட்டின் விளைச்சலைச் சொல்ல முடியாது. அதை இணைத்துப் பார்த்தால்தான் தெரியும். இணையும் திறன் என்று 1942இல் ஸ்ப்ரேக், டேட்டம் இருவரும் அதைப் பிரித்து விளக்கினார்கள். ஆகவே ஒட்டு உண்டாக்கும் வேலையை நிலையங்களுக்கு விட்டுவிடுங்கள். உங்கள் வேலை, எந்த ஒட்டு உங்கள் மண்ணுக்குச் சரி என்று பார்ப்பது.

மூன்று ஒட்டுகளை ஒரே நாளில், ஒரே வயலில் விதையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு வரிசை. அதையே வயலின் மூன்று இடங்களில் இடம் மாற்றிப் போடுங்கள். ஒவ்வொரு ஆறு வரிசையிலும் நடு இரண்டை மட்டும் அறுங்கள். செடியை எண்ணுங்கள், கதிரை எண்ணுங்கள், மலட்டுத் தட்டையை எண்ணுங்கள். பிறகு எடை.

எடையில் ஒரு பொறி இருக்கிறது. தாமதமாக முற்றும் ஒட்டு அறுக்கிற அன்று ஈரமாக இருக்கும், தராசு அதையும் சேர்த்துக் காட்டும். ஒன்று 22 சதவீத ஈரத்தில் 10 கிலோ, இன்னொன்று 15 சதவீதத்தில் 9.5 கிலோ என்று வையுங்கள். 14 சதவீதத்துக்குக் கொண்டுவர, முதலாவதை 78ஆல் பெருக்கி 86ஆல் வகுத்தால் 9.07 கிலோ. இரண்டாவதை 85ஆல் பெருக்கி 86ஆல் வகுத்தால் 9.39 கிலோ. தராசில் முந்தியது கணக்கில் பிந்திவிட்டது. ஈரமானி இல்லை என்றால் ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ மணியைத் தனிப்பையில் கட்டி, எடை மாறாமல் நிற்கும் வரை வெயிலில் காயவைத்து ஒப்பிடுங்கள்.

முற்றியதா என்று பார்க்க மணியைத் தக்கையிலிருந்து பெயர்த்து, அதன் அடியை நகத்தால் சுரண்டுங்கள். கறுப்புப் படலம் தெரிந்தால் இனி எடை ஏறாது. கூட்டு ரகத்தில் கட்டம் கட்டி விதைக்கு எடுத்த 140 கதிர்களின் அடியிலும் நுனியிலும் உள்ள மணிகளைத் தின்னவோ கோழிக்கோ போட்டுவிட்டு, நடுப்பகுதி மணியை மட்டும் உதிர்த்துக் காயவையுங்கள். கதிருக்குக் கதிர் சம அளவு மணி எடுத்துக் கலக்குங்கள். பெரிய கதிரிலிருந்து கூட அள்ளிப் போட்டால் அதன் வாரிசே அடுத்த வயலை நிரப்பிவிடும். பையின் மேல் பட்டம், ஆண்டு, கட்ட எண், பூத்த தேதி நான்கையும் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை மழைக்காலத்தில் கசியும். ஒரு சீட்டைப் பைக்குள்ளும் போட்டுவையுங்கள், வெளிச்சீட்டை எலி தின்றாலும் உள்ளே இருப்பது மிஞ்சும்.